மவ்ஸ் என்றால் வாழைப்பழம்

"துஃப்பாஹ்... ஆப்பிள். இனப்... திராட்சை. மவ்ஸ்... வாழைப்பழம்."

பாத்ரூமுக்குள்ளிருந்து வந்தது பழக்கடைக்காரரின் குரல். ஷேவிங் செய்யும்போது அரபிப் பாடம், குளிக்கும்போது ரிவிஷன்.

சமையலறையில் அவர் மனைவி கரண்டியை நங்கென்று வைத்தாள். பத்து நாளாக இதே கூத்து. ஃப்ரிட்ஜைத் திறந்தால் ஆரஞ்சின் முகத்தில் ஒரு சீட்டு, மாதுளையின் முதுகில் ஒரு சீட்டு. கட்டின பெண்டாட்டியின் பிறந்த நாள் மட்டும் முப்பது வருஷமாக அந்த மண்டையில் ஏறவில்லை.

"மாம்பழத்துக்கு என்ன தெரியுமா? மாங்கா!" என்றார், துண்டோடு வெளியே வந்தவர். ஏதோ தானே கண்டுபிடித்த மாதிரி ஒரு பூரிப்பு.

"பழுத்தாலும் மாங்காதானா? நல்லா இருக்கு. அம்பத்தெட்டு வயசுல எதுக்குங்க இந்தப் படிப்பு? பரீட்சையா வைக்கப் போறாங்க?"

"கடைக்கு வேணும்மா" என்று மழுப்பிவிட்டுச் சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டார்.

கடை, பெரிய ஆஸ்பத்திரி வாசலில் இருந்தது. வைத்தியத்துக்காக வெளிநாட்டிலிருந்து குடும்பம் குடும்பமாக வந்து இறங்குவார்கள். பாதிப் பேருக்கு அரபிதான் பாஷை. அவர்களை வளைத்துப் போடத்தான் மனுஷன் இந்தப் பாடு படுகிறார் என்று அவள் நினைத்துக்கொண்டாள். படித்துவிட்டுப் போகட்டும், கெட்ட பழக்கம் ஒன்றும் இல்லையே.

அந்த நிம்மதி பதினோரு மணி வரைக்கும்தான். எதிர்க்கடை அக்கா போன் செய்தாள். அவளுக்கும் பழ வியாபாரம்தான்.

"தங்கச்சி, சொல்றேன்னு தப்பா எடுத்துக்காதே. உன் வீட்டுக்காரர் அரபி பேச ஆரம்பிச்சதுல இருந்து அந்த ஜனங்க என் கடையில வாழைப்பழத்தைத் தொடறதில்ல. ஆரஞ்சைத் திரும்பிக்கூடப் பாக்கறதில்ல. என்ன சொல்லி வச்சிருக்காரோ தெரியல, சீப்பு சீப்பா கறுத்துப் போகுது. தனியா நின்னு பொழப்பு நடத்தறவ நான். என் வயித்துல அடிக்கலாமா அவரு?"

மனைவிக்குக் காது மடல் சூடாகிவிட்டது. இருபது வருஷமாக எதிரெதிரே கடை. ஒரு நாள்கூட முகம் சுளித்ததில்லை. ஒரு பெண்பிள்ளையின் பிழைப்பில் மண் அள்ளிப் போடுகிற மனுஷனோடா இத்தனை நாள் குடும்பம் நடத்தினோம் என்று நெஞ்சு கசந்தது.

வழக்கமாக ஒரு மணிக்குத்தான் அவருக்குச் சாப்பாடு கொண்டுபோவாள். அன்று பதினொன்றரைக்கே டிபன் கேரியரோடு போய் இறங்கினாள். எதிர்க்கடை அக்காவையும் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டாள்.

"வாங்கக்கா. உங்க முன்னாடியே கேட்டுடறேன்."

கடையில் ஒரு வெளிநாட்டு அம்மா நின்றிருந்தாள். கையில் ஆஸ்பத்திரியின் நீல ஃபைல். வாழைப்பழச் சீப்பு ஒன்றைத் தூக்கித் தராசில் வைத்தாள்.

பழக்கடைக்காரர் அதை எடுத்து, இருந்த இடத்திலேயே திரும்ப வைத்தார். அவள் கையிலிருந்த ஃபைலைத் தொட்டுக் காட்டினார்.

"மவ்ஸ், லா. புர்துகால், லா. ரும்மான், லா." பிறகு ஓர் ஆப்பிளை உயர்த்திப் பிடித்து முகமெல்லாம் சிரித்தார். "துஃப்பாஹ்!"

பத்து நாளாகக் காதில் விழுந்த புண்ணியத்தில் மனைவிக்கே எல்லாம் புரிந்தது. வாழைப்பழம், ஆரஞ்சு, மாதுளை. மூன்றுக்கும் அவர் தலையை ஆட்டிய ஆட்டலில் 'லா' என்றால் கூடாது என்பதும் புரிந்துவிட்டது.

அந்த அம்மா நாலு ஆப்பிள் மட்டும் வாங்கிக்கொண்டு, நெஞ்சில் கை வைத்து ஏதோ சொல்லிவிட்டுப் போனாள்.

"தராசுல ஏறின பழத்தை யாராவது இறக்கி வைப்பாங்களா? உங்களுக்குப் புத்தி கித்தி பிசகிடுச்சா?" என்றாள் மனைவி. திட்ட வந்ததே மறந்துபோயிருந்தது.

"நீல ஃபைல்னா கிட்னி வார்டும்மா. இங்க வர்ற வெளிநாட்டு ஜனத்துல முக்காவாசி அந்த வார்டுதான். இதுலெல்லாம் பொட்டாசியம் ஜாஸ்தியாம், அவங்களுக்கு ஆகாது." பழக்கடைக்காரர் குரலைத் தாழ்த்தினார். "போன மாசம் ஒரு பொண்ணு அவங்க அப்பாவுக்குன்னு ஒரு சீப்பு வாங்கினா. நானும் சிரிச்சிக்கிட்டே குடுத்தேன். மறுநாளே அவரை ஐசியூவுக்குத் தூக்கிட்டுப் போயிட்டாங்க. பொழைச்சிக்கிட்டாரு. ஆனா வார்டு நர்ஸ் வந்து, 'மொழிபெயர்க்கறவர் இல்லாத நாள்ல நாங்க சொல்றது அவங்களுக்குப் புரியல, நீங்களாவது குடுக்காதீங்க'ன்னு சொன்னப்போ உடம்பே ஆடிப்போச்சு. எது ஆகும், எது ஆகாதுன்னு அவங்ககிட்டயே எழுதி வாங்கிக்கிட்டேன்."

எதிர்க்கடை அக்கா வாயைப் பொத்திக்கொண்டாள். "ஐயையோ, நானும் குடுத்திருக்கேனே! நீலமா பச்சையான்னு யாரு பாத்தா?"

"இதை வீட்டுல சொல்றதுக்கு என்ன?" என்றாள் மனைவி.

"வெக்கமா இருந்துச்சு. நான் குடுத்த பழம்தானே."

மனைவிக்குச் சந்தோஷத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. இருந்தாலும் சட்டென்று இறங்கிவர மனசு வருமா?

"வேண்டாம்னு கையை ஆட்டினாப் போதாதா? இதுக்குன்னு ஒரு பாஷையையே கத்துக்கணுமா?"

"ஆட்டிப் பாத்தேனே. பழம் நல்லால்ல போலன்னு நெனச்சு அக்கா கடைக்குப் போயிடறாங்க." பழக்கடைக்காரர் தராசுத் தட்டைத் துடைத்துக்கொண்டே சிரித்தார். "விக்கறதுக்கு எந்தப் பாஷையும் வேணாம்மா, அவங்க விரலை நீட்டினாலே போதும். விக்காம இருக்கறதுக்குத்தான் பேரு தெரிய வேண்டியிருக்கு."