கம்பம் படாத இடம்

ஸ்பிரிட்டில் நனைத்த துணியால் காத்ரி கம்பத்தைத் துடைத்துக்கொண்டிருந்தபோது ரைலி பக்கத்தில் வந்து நின்றாள்.

கம்ப நடன வகுப்பு முடிந்துவிட்டது. காத்ரியின் தோள்கள் அதற்கு முன்பே முடிந்துபோயிருந்தன. காலையிலிருந்து ஒவ்வொருத்தியையும் கீழே விழாமல் தாங்கிப் பிடித்த தோள்கள். சனிக்கிழமை வந்தால் போதும், தாம்பெரே ஊர்ப் பெண்கள் பாதிப் பேருக்குத் தலைகீழாகத் தொங்க ஆசை வந்துவிடும்.

சுவரோரம் மற்ற பெண்கள் வழக்கமான கடையை விரித்திருந்தார்கள். தொடையில் ஊதா, முழங்காலுக்குப் பின்னால் பச்சை, புறங்காலில் பழுத்த மஞ்சள்.

போல் டான்ஸ் பழகுகிறவளுக்கு ரத்தக்கட்டுதான் நகை. துணி பட்டால் கம்பம் வழுக்கும், தோல்தான் பிடிக்கும். அதற்காகத்தான் குட்டை நிஜார். அதற்காகத்தான் வகுப்பு நாளில் உடம்பில் கிரீம் தடவக் கூடாது என்ற சட்டம். ஆனால் தோல் பிடித்தால் கம்பமும் தன் கூலியை வாங்கிக்கொண்டுதான் விடும்.

எந்தத் தடம் எந்த வித்தையில் வாங்கியது என்று காத்ரி பார்த்த மாத்திரத்தில் சொல்லிவிடுவாள், மீன்காரி செவுளைத் தூக்கிப் பார்த்துச் சொல்வதுபோல.

ரைலிக்கு அறுபத்தெட்டு வயது. ஒரு வருஷத்துக்கு மேலாகத் தொடக்க வகுப்பிலேயே இருக்கிறாள். கம்பத்தில் கொஞ்சம் ஏறி, தொடைகளால் இறுக்கி உட்காருவாள். அவ்வளவுதான். அடுத்த வகுப்புக்கு வாருங்கள் என்றால், என் வயசுக்கு இந்தச் சரக்கே அதிகம் என்று சிரிப்பாள்.

ஆனால் ஒரு நாளும் வராமல் இருந்ததில்லை. கிளம்பும்போது அன்றைய வித்தையின் பெயரைக் கேட்பாள். எங்கே கன்றும் என்று கேட்பாள். பாடம் ஒப்பிக்கிற குழந்தை மாதிரி இரண்டையும் முணுமுணுத்துக்கொண்டே போவாள்.

கதவுக்கு வெளியே, காலணி கழற்றும் இடத்துப் பெஞ்சில் அவள் புருஷன் ஒலாவி காத்திருப்பார். காலில் கம்பளிக் காலுறை, மடியில் அவளுடைய நீலக் கோட்டு. பெண்கள் வெளியே வந்ததும் எழுந்து நின்று எப்போதும் ஒரே கேள்விதான்: இதுல என் பெண்டாட்டி யாரு?

போன வாரம் ஒருத்தி, "யாரைப் பிடிச்சிருக்கோ அவளைக் கூட்டிட்டுப் போங்க பெரியவரே, நாங்க யாரும் கோவிச்சுக்க மாட்டோம்!" என்றாள். கூடமே அதிர்ந்தது. இப்படி விளையாடத் தெரிந்த புருஷன் நமக்கு வாய்க்கவில்லையே என்று இரண்டு பேர் உண்மையாகவே பெருமூச்சு விட்டார்கள்.

"எனக்கு ஒரு வித்தை வேணும், காத்ரி," என்றாள் ரைலி. முழுக்கைச் சட்டையின் மேல் விரலை வைத்தாள். தோளுக்கும் முழங்கைக்கும் நடுவே, வெளிப்பக்கம். "இங்க தடம் விழற மாதிரி."

காத்ரிக்குச் சிரிக்கத் தெம்பில்லை. இருந்தாலும் சிரித்தாள்.

"எல்லாரும் வித்தையை வாங்கிட்டு, ரத்தக்கட்டை இனாமாக் கொண்டு போறாங்க. நீங்க இனாமை மட்டும் கேக்கறீங்களே! அங்கெல்லாம் கம்பம் படாது, ரைலி."

"எப்படிச் சுத்தினாலுமா?"

"எப்படிச் சுத்தினாலும்."

கடை சாத்திய பிறகு வந்து நிற்கிறவள் முகமாகிவிட்டது ரைலியின் முகம். சுவரோரம் இருந்தவர்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு சட்டைக் கையை மேலே ஏற்றினாள்.

வரிசையாக நான்கு தடங்கள். எதிர்ப்பக்கம் ஐந்தாவது, கட்டைவிரல் அகலத்துக்கு.

காத்ரியின் கண் கதவுக்குப் போனது.

"சத்தம் போடாத," என்று சட்டைக் கையை இறக்கினாள் ரைலி. "எல்லாம் ராத்திரியிலதான். விடிஞ்சா அவரே மருந்து தடவி விடறார். நாளைக்கு மகள் வர்றா. இதுவரைக்கும் எல்லாம் இங்க வாங்கினதுன்னு சொல்லிட்டேன், நம்பிட்டா. இதைப் பார்த்தா எங்களைப் பிரிச்சுடுவா."

ஒரு வருஷமாக ரைலி கேட்டுக் கேட்டு முணுமுணுத்த பெயர்கள் காத்ரிக்கு ஞாபகம் வந்தன. அத்தனை பொய்யும் காத்ரி கடைச் சரக்கு.

பிரிக்கட்டும் என்று சொல்ல வாயெடுத்தாள். போலீஸ் என்று சொல்ல வாயெடுத்தாள். கடைசியில், உடம்பிலிருந்த களைப்பெல்லாம் கோபமாகத் திரள, போய்க் கதவை விரியத் திறந்தாள்.

ஒலாவி எழுந்தார். கோட்டை இரண்டு கைகளிலும் ஏந்தியபடி, அவளுக்குப் பின்னால் சலசலத்து வந்த பெண்களைப் பார்த்தார்.

"டீச்சர், இதுல என் பெண்டாட்டி யாரு?"

வழக்கம்போல எல்லோரும் சிரித்தார்கள். ரைலிதான் முதலில் சிரித்தாள், மற்றவர்களைவிடச் சத்தமாக.

காத்ரி சிரிக்கவில்லை. அதனால்தான் அன்று முதல் முறையாக அவர் முகத்தைப் பார்க்க நேர்ந்தது. அவர் கண்கள் ஒவ்வொரு முகமாக நின்று நின்று நகர்ந்தன. ரைலியின் முகத்தில் நின்றன. அதையும் தாண்டிப் போயின.

மனிதர் உண்மையாகவே பதிலுக்குக் காத்திருந்தார். ராத்திரியில் பக்கத்தில் படுத்திருப்பவளைப் பார்ப்பதும் இதே கண்கள்தான்.

கோபம் எங்கே போனதென்று தெரியவில்லை. களைப்பு மட்டும் போட்ட இடத்திலேயே கிடந்தது.

"இவங்கதான்," என்று காத்ரி ரைலியை மெல்ல முன்னால் நிறுத்தினாள். பிறகு அவள் காதோரம், "மகளை எனக்கு ஒரு போன் பண்ணச் சொல்லுங்க," என்றாள்.

"என்ன சொல்லுவே?"

காத்ரி அவளைக் கோட்டின் பக்கம் திருப்பிவிட்டாள்.

"ரொம்ப நன்றிங்க," என்றார் ஒலாவி. பிறகு, முன்பின் அறியாத ஒரு பெண்ணுக்குப் பிடிப்பதுபோல, கொஞ்சம் கூச்சத்தோடு, கை வலிக்காமல் நுழையட்டும் என்று கோட்டை அகலமாக விரித்துப் பிடித்தார்.