இன்னாசியம்மாளின் பெயர்

வாந்திபேதி கண்ட படகுக்காரர்களைக் கரையிறங்க விடாமல் ஊரே தடுத்தபோது, இன்னாசியம்மாள் மட்டும் கஞ்சிக் கலயத்தோடு கடலுக்குள் நடந்து போனாள். ஒன்பது பேர் பிழைத்தார்கள். பத்தாம் நாள் அதே நோயில் அவள் இறந்தாள்.

நாற்பது வருடம் கழித்து, அவளுக்குப் புனிதர் பட்டம் தரலாமா என்று விசாரிக்க ஒரு குருவானவர் வந்தார். மகள் மரியதங்கத்திடம் கேட்டார்.

"உங்கம்மா ஏதாவது புதுமை, அதாவது அற்புதம், செஞ்சாங்களா?"

"பயப்படாம போனா சாமி."

"அது புதுமையில சேராதும்மா."

"அப்ப பட்டம் உங்ககிட்டயே இருக்கட்டும்."

மரியதங்கம் தலைநிமிர்ந்து வெளியே நடந்தாள். சமாதானம் சொல்லக் குருவானவரும் பின்னாலேயே வந்தார்.

கடற்கரையில் யாரோ ஒருத்தி மகளைச் சாப்பிடக் கூப்பிட்டாள்: "ஏ இன்னாசி!"

மணலில் விளையாடிக்கொண்டிருந்த ஐந்து சிறுமிகள் ஒன்றாகத் திரும்பிப் பார்த்தார்கள்.