நான்காம் வரிசை, ஐந்தாம் இடம்

பதினாறும் பதினேழும் பக்கத்தில் வரவில்லை.

உதயா திரையை மறுபடி பார்த்தாள். ஒன்று முதல் இருபது வரை மாணவர் எண்களை நான்கு வரிசையாக அடுக்கச் சொல்லி R என்ற கணினி மொழியில் ஒரே ஒரு கட்டளை கொடுத்திருந்தாள். ஆய்வகத்திலும் நான்கு வரிசைதான். வரிசைக்கு ஐந்து கம்ப்யூட்டர். யாருக்கு எந்த இடம் என்று பரந்தாமன் சார் வந்ததும் கேட்பார்.

R-க்கு ஒரு பழக்கம் உண்டு. சொல்லாவிட்டால் குறுக்கே நிரப்பாது. மேலிருந்து கீழே இறங்கும். ஒரு பத்தி நிறைந்த பிறகுதான் அடுத்த பத்தியின் தலைக்குத் தாவும்.

அந்தத் தாவலில்தான் மாட்டிக்கொண்டார்கள். பதினாறு கடைசி வரிசையில். பதினேழு முதல் வரிசையில்.

பதினாறு அவள். பதினேழு விஜயன்.

இன்று கடைசி செய்முறைத் தேர்வு. முடிந்ததும் அவன் ஆர்.கே.பேட்டை பஸ் ஏறி, வீட்டு விசைத்தறிக்குப் போய்விடுவான். அவள் திருவாலங்காடு பஸ்ஸில் நேர் எதிர்த்திசை. இரண்டு வருடத்தில் இருவருக்கும் நடந்த பேச்சு, "ஸ்கேல் இருக்கா?", "ம்."

"ம்" மட்டும் அவளுடையது.

ஒரு தேர்வு நேரமாவது பக்கத்தில் உட்கார்ந்தால் போதும்.

கட்டளையின் கடைசியில் byrow = TRUE என்று சேர்த்தாள். எண்கள் சமர்த்தாகக் குறுக்கே நடந்தன. கடைசி வரிசையில் பதினாறும் பதினேழும் முழங்கை இடிக்க நின்றன.

மலைக்கோயில் ஏறி இறங்கிய வியர்வையில் திருநீறு கரைய, சார் உள்ளே வந்தார்.

"இதென்னம்மா, அடுத்தடுத்த நம்பருங்க பக்கத்துல உக்காந்துகினு கதை பேசவா? அதை எடுத்துடு. மேலேர்ந்து கீழயே போவட்டும். முதுகைப் பார்த்து எவனும் காப்பி அடிக்க மாட்டான்."

சேர்த்த விரலே அழித்தது. ஒவ்வொரு எழுத்தாக.

ப்ரொஜெக்டரிலிருந்து சுவரில் விழுந்த இட அமைப்பை வகுப்பே அண்ணாந்து பார்த்தது. தன் எண் கிடைத்தவர்கள் போய் உட்கார்ந்தார்கள். விஜயன் மட்டும் ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தான். தன் எண்ணை அல்ல. கடைசி வரிசையை.

அங்கே உதயாவுக்குப் பக்கத்தில் இருபது. இருபதுக்கு ஆள் இல்லை. யுவராணி மாசியிலேயே கல்யாணமாகி நகரிக்குப் போய்விட்டாள்.

விஜயன் முதல் வரிசையில் தன் இடத்துக்குப் போய் உட்கார்ந்தான். கொஞ்ச நேரத்தில் எழுந்தான்.

"சார், மவுஸ் நவுரவே மாட்டேங்குது சார்."

"முருகா! இன்னைக்குத்தானா? போ, கடைசி வரிசையில உக்காரு. உதயா, அதுல மாத்திடும்மா."

வரிசை முதலில், பத்தி அடுத்து. M[4, 5] <- 17 என்று அடித்தாள். அவ்வளவு வேகமாக அவள் எதையும் அடித்ததில்லை. ஒரு பிழையும் வரவில்லை.

தேர்வு பாதியில் பக்கத்திலிருந்து குரல் வந்தது. இந்த முறை ஸ்கேல் இல்லை, பேனா.

"ம்" என்றாள். கொஞ்சம் யோசித்து, "நல்லா எழுதும்" என்றும் சொன்னாள்.

எல்லோரும் போன பிறகு கம்ப்யூட்டர்களை அணைக்கும் வேலை அவளுக்கு வந்தது. முதல் வரிசை, ஐந்தாவது. ஆயுத பூஜைக் குங்குமம் இன்னும் நெற்றியில் இருக்கிற பெட்டி.

மவுஸின் வயர் பின்னால் உருவப்பட்டிருந்தது. அறுந்திருக்கவில்லை. சீராகச் சுற்றி, பெட்டிக்குப் பின்னால் செருகப்பட்டிருந்தது. நூல் சுற்றிப் பழகிய கை சுற்றிய சுற்று.

அவள் அதைச் செருகினாள். மவுஸின் அடியில் சிவப்பு விளக்கு பளிச்சென்று எரிந்தது.

ஜன்னலுக்கு வெளியே ஆர்.கே.பேட்டை பஸ் போய்க்கொண்டிருந்தது. வராண்டாவில் விஜயன் அவள் பேனாவோடு நின்றிருந்தான்.

"என்னம்மா, நிஜமாவே ரிப்பேர்தானா அது?" என்று சார் வாசலிலிருந்து கேட்டார்.

உதயா விளக்கை உள்ளங்கையால் மூடினாள்.

"ஆங் சார். ரொம்ப நாளாவே."