மூன்று மாடிப் படிகள்

நான்கு வருடம் காத்திருந்து உண்டாகி ஏழு வாரமான தையல்காரி, குளியலறையில் நின்று, உள்ளாடையில் தெரியும் மிளகளவு ரத்தக்கறையையே பார்த்துக்கொண்டிருக்கிறாள். சின்ன ஜன்னல் வழியே காலை வெயில் ஈரத்தரையில் விழுந்து கிடக்கிறது. வெளியே, பஸ் ஓட்டக் கிளம்பும் கணவன் யூனிபார்ம் சட்டைக்குப் பொத்தான் போட்டபடி கதவைத் தட்டுகிறான். "என்னம்மா, இவ்வளவு நேரம்?" கதவைத் திறந்து, "லேசா ரத்தம் பட்டிருக்குங்க" என்கிறாள். "சிலருக்கு அப்படித் தெரியுமாம், ஒண்ணும் இருக்காது" என்று சொல்லும்போதே அவன் குரல் உள்ளே போகிறது. "எதுக்கும் டாக்டரைப் பாத்துடலாம்." லிஃப்ட் இல்லாத மூன்று மாடி. சில்லிட்டுப்போன அவள் கைகள் இரண்டையும் பிடித்துக்கொண்டு, அவளைப் பார்த்தபடியே அவன் பின்பக்கமாக ஒவ்வொரு படியாக இறங்குகிறான். மேலே ஏறி வரும் பால்காரர் சுவரோடு ஒட்டி நின்று வழிவிடுகிறார். "தங்கிடுமாங்க?" என்கிறாள். அவன் பார்வை அவள் முகத்தை விட்டுக் கால்களுக்கு இறங்குகிறது. "படியப் பாத்து வாம்மா."