வெள்ளையில் வெள்ளை

“எழுத்து வெள்ளை. பின்னணி வெள்ளை” என்றது காதுக்குள் இருந்த குரல்.

விசைப்பலகையிலிருந்து கையை எடுத்துவிட்டேன். பிறகு அம்புக்குறியால் ஒரு வரி மேலே போய், வாசிக்கச் சொல்லி மறுபடியும் கேட்டேன்.

“வெடிப்புக்குள் இப்போது என் கை போகிறது.”

திரையை வாசித்துக் காட்டும் அந்தக் குரலுக்கு எல்லா வசனமும் ஒன்றுதான். அழாது, தடுமாறாது.

அது என் தங்கை தனுஜா எழுதிய வசனம்.

மடுல்கெல்லப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றின் பிள்ளைக்காம்பராவில், கொழுந்து பறிக்கப் போகிறவர்களின் குழந்தைகளைப் பார்த்துக்கொண்டவள் அவள். ஒக்டோபர் மழையில் பின்சுவர் சரிந்தது. பதினொரு பிள்ளைகளும் வெளியே வந்துவிட்டார்கள். அவள் வரவில்லை.

விசாரணைக்குழு எழுதிய அறிக்கையை அச்சுக்கு ஒழுங்குபடுத்தும் வேலை, கண்டியில் நான் இருக்கும் தட்டச்சு நிலையத்துக்கு வந்தது. கொண்டுவந்தவர் தோட்டத்தின் நலன்புரிச் செயலாளர் கிருஷ்ணராஜ். அவர் பார்த்து முடித்த கோப்பு என்னிடம் வரும். என்னிடமிருந்து நேரே அச்சகத்துக்குப் போகும்.

தனுஜா என் தங்கை என்பது அவருக்குத் தெரியாது. கண் தெரியாதவளுக்குத் தங்கை இருக்கக்கூடும் என்றே அவர் யோசித்திருக்க மாட்டார்.

“உள்ளுக்கு ஒன்னையும் தொட வேணாம் மிஸ். தலைப்ப மட்டும் சரி பண்ணுங்க” என்று சொல்லிவிட்டுப் போனார்.

கண் தெரிந்தவர்கள் எழுத்தைப் பெரிதாக்கித் தடிப்பாக்கிவிட்டு, அதைத் தலைப்பு என்பார்கள். கணினிக்கு அது தலைப்பு இல்லை, பெரிய எழுத்து மட்டும்தான். பொருளடக்கத்தில் அது ஏறாது. ஒவ்வொரு வரியாகப் போய் நின்று, கொன்ட்ரோல், ஓல்ட், ஒன்று என மூன்று விசைகளைச் சேர்த்து அழுத்தி, அதை உண்மையான தலைப்பாக்க வேண்டும். “தலைப்பு, நிலை ஒன்று” என்று குரல் சொன்னால் சரி.

அப்படி வரி வரியாகப் போகும்போதுதான் அந்த வசனம் வந்தது: “சுவரின் நிலை பற்றிப் பணியாளர் உரியவர்களுக்கு அறிவிக்கவில்லை.”

செத்தவள் மேலேயே பழி.

எழுத்தின் விபரத்தைக் கேட்டுப் பார்த்தேன். குழுவின் அறிக்கை முழுவதும் ஒரு எழுத்துருவில் இருந்தது. இந்த ஒரு வசனம் மட்டும் வேறொன்றில்; பிறகு செருகியது.

அதற்குக் கீழே இருந்தவைதான் வெள்ளை வரிகள். தனுஜாவின் ஜூன் மாதக் கடிதம், ஓகஸ்ட் மாதக் கடிதம், கடைசியில் குழுவின் குறிப்பு ஒன்று. குழு எழுதியதை அழிக்கக் கிருஷ்ணராஜுக்குப் பயம் வந்திருக்க வேண்டும். நிறத்தை மட்டும் மாற்றியிருந்தார். அச்சில் அது படத்துக்கு விட்ட இடம் போலத் தெரியும்; யாரும் கேட்கமாட்டார்கள்.

எனக்கு வெள்ளையும் ஒன்று, கறுப்பும் ஒன்று.

குழுவுக்குத் தொலைபேசி எடுக்க நினைத்தேன். எடுத்தால், கை தவறி நிறம் மாறிவிட்டது என்பார். மன்னிப்புக் கேட்பார். தேநீர் குடித்துவிட்டு எல்லோரும் கலைந்து போவார்கள்.

எனக்கு மன்னிப்பு வேண்டியிருக்கவில்லை.

இப்படியான அறிக்கைகளை வெளியிடும் நாளில் முழுவதையும் யாரும் வாசிப்பதில்லை. மேடையில் நின்று பொருளடக்கத்தை மட்டும் சத்தமாக வாசிப்பார்கள். வாசிக்கப் போவது கிருஷ்ணராஜ்தான் என்று அழைப்பிதழிலேயே இருந்தது.

முதல் வெள்ளை வரியில் போய் நின்றேன். கொன்ட்ரோல், ஓல்ட், ஒன்று.

“தலைப்பு, நிலை ஒன்று.”

நிறத்தைக் கேட்டேன். “கறுப்பு” என்றது.

அடுத்த வரி. அதற்கடுத்த வரி. பிறகு பொருளடக்கத்துக்குப் போய் அதைப் புதுப்பித்தேன். பழி சொன்ன வசனத்தைத் தொடவில்லை. ஒரு எழுத்தைக் கூட்டவும் இல்லை, குறைக்கவும் இல்லை. அவர் சொன்ன வேலையை மட்டும் செய்தேன்.

வெளியீட்டுக்கு என்னோடு வேலை செய்யும் பஸ்லினா கூட வந்தாள். அக்குறணையிலிருந்து விடியவே புறப்பட்டு வந்து, என்னை மடுல்கெல்ல பஸ்ஸில் ஏற்றிக் கூட்டிப் போனாள். தோட்டத்து மண்டபத்தில் அம்மாவை நடுவில் வைத்து உட்கார்ந்தோம். அச்சகத்திலிருந்து வந்த கட்டுகளை அங்கேயே பிரித்துப் பிரதிகளைக் கொடுத்தார்கள்.

கிருஷ்ணராஜ் ஒலிவாங்கியைத் தட்டிப் பார்த்தார். நல்ல குரல் அவருக்கு. முன்னுரை. குழுவின் பணி. சம்பவ நாளின் மழைவீழ்ச்சி.

“நாலு. பிள்ளைக்காம்பராவின் பின்சுவர் வெடித்திருக்கிறது, பிள்ளைகள் மேல் விழுமுன் வந்து பாருங்கள்...”

வாசித்த வேகத்தில் வாசித்துவிட்டார். அதன் பிறகுதான் குரல் நின்றது.

மண்டபத்தில் ஒரு குழந்தை இருமியது. அவர் தொண்டையைச் செருமிக்கொண்டு, தப்பிக்கிற அவசரத்தில் அடுத்த வரிக்குத் தாவினார்.

“ஐந்து. வெடிப்புக்குள் இப்போது என் கை போகிறது.”

தனுஜாவின் வசனத்தை அவர் வாயால் கேட்டேன். அதற்காகத்தான் அவ்வளவு தூரம் வந்திருந்தேன்.

“ஆறு” என்றார். காகிதம் ஒலிவாங்கியில் உரசியது. “மேற்படி இரு கடிதங்களையும் பெற்றுக் கையெழுத்திட்டவர்...”

அதற்கு மேல் சத்தம் வரவில்லை.

முன்வரிசையில் தாள்கள் புரள ஆரம்பித்தன. பிறகு நடுவரிசையில். பிறகு எங்களுக்குப் பின்னால். அம்மாவுக்கு மட்டும் வாசிக்கத் தெரியாது.

“யாருங்கய்யா அது?” என்று அம்மா மேடைக்குக் கேட்கும்படி சத்தமாகக் கேட்டாள்.

பஸ்லினா குனிந்து அம்மாவின் காதில் சொல்லப் போனாள். அவள் கையை எட்டிப் பிடித்து நிறுத்தினேன்.

தன் பெயரை அவரே சொல்லட்டும்.