சுடாத சுடர்
காரைக்குடி மருத்துவமனை வராந்தாவில் மதிய வெயில் பாதி பெஞ்சைப் பிடித்துக்கொண்டது. மீதியில் நகை ஆசாரி காளிதாஸ், குழாய் மாட்டிய மூத்திரம் பிடிக்கும் பிளாஸ்டிக் பையை வேட்டிக்குள் மறைத்து உட்கார்ந்திருக்கிறார். மகள் ஸ்வேதாவின் போனில் ஓடும் வீடியோவில் ஊதாச் சுடர் ஒன்று எரிகிறது. அதில் யாரோ விரலை நீட்டுகிறார், சுடவில்லை. குளிர்ந்த பிளாஸ்மாவாம், மூத்திரப்பைப் புற்றைக் கருக்குமாம். “இதை எனக்கு வைக்க மாட்டாகளா?” “இன்னும் எலிக்குத்தான் வச்சுப் பாக்குறாகளாம்ப்பா. டாக்டரு உங்களுக்கு மூத்திரப்பையையே எடுக்கணும்னு சொல்றாரு.” “எலிக்கு இருக்கு, எனக்கு இல்ல.” பட்டறையில் எந்தச் சுடரையும் கைகாட்டிச் சூடு பார்த்தே வேலையைத் தொடங்குகிறவர், திரையில் விரலை வைக்கிறார். படம் நின்றுவிடுகிறது. அவள் ஓடவிடுகிறாள். மறுபடி வைக்கிறார்; மறுபடி நிற்கிறது. “தொடாதீகப்பா,” என்கிறாள் எரிச்சலாக. “தொடாம எனக்கு எப்பிடித்தா சரியாகும்?”