முப்பத்தெட்டு இஞ்சு மேடை

“முப்பத்தெட்டு இஞ்சு. ஒரு நூல் குறையக் கூடாது.”

மாமியார் தீர்ப்பைச் சொல்லிவிட்டு, கழுத்தில் கிடந்த டேப்பைச் சரி செய்துகொண்டாள். தையல் கடையை மூடி மூன்று வருஷமாச்சு. டேப்பு மட்டும் இன்னும் கழுத்தை விட்டு இறங்கவில்லை.

பழைய சமையல் மேடை விரிசல் விட்டுவிட்டது. புதுசு போட வேண்டும். அதற்குத்தான் இந்தப் பஞ்சாயத்து.

வரைபடத்தை விரித்து வைத்திருந்த என்ஜினியர் பெண் பொறுமையாகச் சொன்னாள். “அம்மா, மேடை நம்ம முழங்கைக்கு அஞ்சு இஞ்சு கீழ இருந்தாத்தான் வாகா இருக்கும். உங்க மருமகளுக்கு முப்பத்திரண்டே போதும். உங்களுக்கு அதுவும் ஜாஸ்தி.”

“அந்தக் கணக்கு எனக்கும் தெரியும். முப்பத்தெட்டு.”

மருமகளால் பொறுக்க முடியவில்லை. “அத்தை, நான் என்ன ஸ்டூல் போட்டு ஏறி நின்னா சமைக்கணும்?”

“வீடு யார் பேர்ல இருக்கு?”

வீடு மாமியார் பேரில்தான். என்ஜினியர் பெண் வரைபடத்தில் முப்பத்தெட்டு என்று குறித்துக்கொண்டாள்.

மருமகளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஆஸ்பத்திரியில் பதினாலு வருஷம் ஓடாய்த் தேய்ந்த பிறகு, போன வாரம்தான் தலைமை நர்ஸ் பதவிக்குக் கடிதம் வந்திருந்தது. காலை ஆறு மணிக்கெல்லாம் வார்டில் நிற்க வேண்டும். சம்மதமா இல்லையா என்று மாதக் கடைசிக்குள் எழுதித் தர வேண்டும். கடிதம் வந்த மறுநாளே மாமியாருக்கு இந்தப் பிடிவாதம் பிடித்தது என்றால் என்ன அர்த்தம்? வயிற்றெரிச்சல், வேறென்ன!

புருஷனிடமும் கேட்டுப் பார்த்தாள். “உங்களுக்குப் பத்து மணிக்குத்தானே ஆபீஸ்? காலையில அடுப்படியை நீங்க பார்த்துக்கிட்டா நான் சரின்னு எழுதிக் கொடுத்துடுவேன்.”

“மாட்டேன்னா சொல்றேன்? குனிஞ்சா இடுப்பு விட்டுப் போகுதே! அன்னைக்கு நாலு தம்ளர் கழுவிட்டு ரெண்டு நாள் தைலம் தேய்ச்சுக்கிட்டுக் கிடந்தேன், நீதான் பார்த்தியே?”

பார்த்தாள். தேய்த்துவிட்டதே அவள்தான்.

வேலை தொடங்கியது. மேஸ்திரி அடுக்கிய ஒவ்வொரு கல்லுக்கும் மாமியார் டேப்பைப் பிடித்தாள். மருமகள் அந்தப் பக்கமே போகவில்லை.

நடுவில் மகன் ஒருநாள் கேட்டான். “ஏம்மா, சட்டை தைக்கணும்னு அளவு எடுத்தியே, என்னாச்சு?”

“தைச்சுக்கிட்டு இருக்கேன். பறக்காதே.”

மாதக் கடைசியும் வந்தது, வேலையும் முடிந்தது. மேஸ்திரி கிரானைட்டைத் துடைத்துவிட்டுப் போனார். என்ஜினியர் பெண் கடைசியாக ஒரு தடவை பார்த்துவிட்டுப் போக வந்திருந்தாள்.

மருமகள் மேடை அருகே போய் நின்றாள். தோளைத் தூக்காமல் கையை வைக்க முடியவில்லை. கண்ணில் தண்ணீர் முட்டிக்கொண்டு வந்தது. கைப்பையிலிருந்து, எழுதி வைத்திருந்த பதில் கடிதத்தை எடுத்து மேடைமேல் போட்டாள்.

“பதவி வேண்டாம்னு எழுதிட்டேன் அத்தை. இப்போ குளுகுளுன்னு இருக்கா?”

மாமியார் அவளைப் பார்க்கவே இல்லை. உள்ளே திரும்பிக் குரல் கொடுத்தாள். “டேய், இங்க வாடா!”

கதவு நிலையில் தலை இடித்துக்கொள்ளாமல் குனிந்து வந்தான் மகன். ஆறடிக்கு ஒரு இஞ்சு கூடவே இருப்பான்.

“இங்க நில்லு. காய் நறுக்கற மாதிரி கையை வை. பாத்திரம் கழுவுற தொட்டிக்குள்ள விடு. குனியுறியா?”

“இல்லையேம்மா. அட, அம்சமா இருக்கே!”

“இடுப்பு வலிக்குதா?”

“சேச்சே, ஒண்ணுமே...”

வசமாக மாட்டிக்கொண்டது அப்போதுதான் அவனுக்கே உறைத்தது. என்ஜினியர் பெண் சிரிப்பை மறைக்க வரைபடத்தை முகத்துக்கு நேராகப் பிடித்துக்கொண்டாள்.

மாமியார் கடிதத்தை எடுத்து நாலாகக் கிழித்தாள். “போம்மா, சரின்னு வேற எழுது. இன்னைக்கே கொண்டுபோய்க் குடு.”

“அத்தை...” மருமகளுக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தது.

“என்ன அத்தை, நொத்தை! அந்தப் பழைய மேடையை எனக்குன்னு அளந்துதான் உங்க மாமா போட்டாரு. பெருமையா ஊரெல்லாம் சொன்னேன். அதுக்கப்புறம் நீ வர்ற வரைக்கும் முப்பது வருஷம் வேற ஒரு ஆள் அங்க வந்து நிக்கல. உனக்கும் அளவா ஒண்ணு போட்டுட்டா, உன்னை யாரு அங்கேயிருந்து நகர விடுவா?”

மகன் ஓசைப்படாமல் வாசற்பக்கம் நகரப் பார்த்தான்.

“நில்லுடா! சட்டை எங்கேன்னு கேட்டியே, மறந்துட்டுப் போறியே!”

அலமாரியிலிருந்து ஒரு பொட்டலத்தை எடுத்து உதறி, அவன் கழுத்தில் மாட்டி, முதுகுப்புறம் இறுக்கி முடிச்சுப் போட்டாள் மாமியார். அளவு கச்சிதமாக இருந்தது. இரண்டு பக்கமும் பை வைத்துத் தைத்த, சமையல்காரர்கள் கட்டுகிற ஏப்ரன்.